ஐம்பது காய் காய்ச்ச செடி

(ஒலிப்பதிவிலிருந்து எழுத்துக்கு மாற்றி, படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தியது.)

போன எபிசோடில் மீல் மேக்கர் பற்றிப் பேசினோம், ஞாபகம் இருக்கும். அதுக்கு வந்த மெசேஜ்களில் ஒன்று என்னை ரெண்டு நாள் தூங்க விடலை. கேள்வி இதுதான்: "ப்ரோ, அமெரிக்காவில் ஒரு ஹெக்டேருக்கு 3 டன்னுக்கு மேல சோயா விளையுது. இந்தியாவில் 1 டன்னைத் தாண்டவே திணறுது. அதிகமா விளையுற விதையை வாங்கிட்டு வந்து இங்கே போட்டா முடிஞ்சு போச்சு. இதுல வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ண என்ன இருக்கு?"

நியாயமான கேள்வி. இதே கேள்வியை 2021-ல் நானும் கேட்டேன். கேட்டதோட நின்னிருந்தா பரவாயில்லை. பதிலும் எனக்கே தெரியும்னு முடிவு பண்ணி, வயலில் இறங்கிட்டேன். அதில் எங்க மாமாவுக்கு ஏறத்தாழ 13,000 ரூபாய் நஷ்டம். அந்தக் கதை சோயாவில் நடக்கலை, உளுந்தில் நடந்தது. ஆனா ரெண்டும் பயறு வகைதான், ரெண்டும் தன் பூவுக்குள்ளேயே மகரந்தச் சேர்க்கையை முடிச்சுக்கிற செடிகள்தான். அதனால உளுந்தில் நான் பட்ட பாடு சோயாவுக்கும் பொருந்தும்.

லாக்டவுன் சமயம். பெங்களூரை விட்டு காரைக்குடி வீட்டுக்கு வந்து, மாடி ரூமில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கிட்டு இருந்தேன். மாமாவுக்குக் கல்லல் பக்கம் மூணு ஏக்கர் மானாவாரி நிலம். செம்மண் பூமி. மழை வந்தா உண்டு, இல்லைன்னா கண்மாயைப் பார்த்துக்கிட்டு உட்கார வேண்டியதுதான். ஒரு ஏக்கரில் புரட்டாசிப் பட்டத்துல உளுந்து போடுவார். எங்க வீட்டுக்கே வருஷம் முழுக்க அந்த உளுந்துதான். அப்பத்தா வெள்ளைப் பணியாரத்துக்கு உழக்கில் பச்சரிசியைத் தலை தட்டி அளந்து, அதுக்கு மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவிச்சு எடுப்பாங்க பாருங்க, அந்தக் கோபுரம் மாமா நிலத்துல இருந்து வர்றது. விதையும் வீட்டு விதை. பத்துப் பன்னிரண்டு வருஷமா விளைஞ்சதுல ஒரு பங்கை எடுத்து வெச்சு, அடுத்த பட்டத்துக்கு அதையே போடுறது. என்ன ரகம்னு கேட்டா "உளுந்துதான் மாப்ள" என்பார்.

கார்த்திகையில் அறுவடைக்கு முந்தின வாரம் சும்மா வயலுக்குப் போனேன். ஒரு செடியில் 20, 25 காய் இருக்கு. பக்கத்துச் செடியில் 12. நாலு அடி தள்ளி ஒரு செடி, குத்துச்செடி மாதிரி நிக்குது, எண்ணிப் பார்த்தா 54 காய். எனக்குத் தலைக்குள்ள பல்பு எரிஞ்சது. இவ்வளவு நாளா எல்லாச் செடியையும் மொத்தமா அடிச்சுத் தூற்றி, அதுல கண்ணை மூடிக்கிட்டு விதைக்கு எடுக்கிறாங்களே! நல்ல செடியை மட்டும் பொறுக்கி விதைக்கு வெச்சா, அடுத்த வருஷம் வயல் முழுக்க 50 காய்ச் செடியா இருக்காதா?

இருபது செடி பொறுக்கினேன். எல்லாம் சுமார் 50 காய் உள்ளது. இஞ்சினியர் இல்லையா, ஒப்பிட்டுப் பார்க்க வேணும்னு தெரியும். அதனால சுமாரா 15 காய் உள்ள இருபது செடியையும் தனியா எடுத்து வெச்சேன். காய வெச்சு, உரிச்சு, தராசுல போட்டா ராஜா விதை 270 கிராம், சாதா விதை 80 கிராம். பேரே அப்படித்தான் எக்செல் ஷீட்டில் எழுதினேன், ராஜா, சாதா.

2022 புரட்டாசியில் மாமா ஒரு மூலையைக் கொடுத்தார். ராஜா 80 கிராம் ஒரு சென்ட், சாதா 80 கிராம் ஒரு சென்ட். மிச்ச ராஜா விதையைப் பக்கத்திலேயே பெருக்கத்துக்குப் போட்டாச்சு. அறுவடையில் ராஜா 3.6 கிலோ, சாதா 2.6 கிலோ. கிட்டத்தட்ட 40 சதவீதம் கூடுதல்! ஆபீஸ் குரூப்பில் எல்லாம் கிராஃப் போட்டுப் பீத்திக்கிட்டேன்.

அடுத்த வருஷம் மாமா ஒரு யோசனையில் இருந்தார். புதுக்கோட்டைக்கு அந்தப் பக்கம் வம்பனில் இருக்கிற பயறு ஆராய்ச்சி மையத்து விதை நல்லா இருக்குன்னு யாரோ சொல்லியிருக்காங்க, இந்தத் தடவை அதை வாங்கிப் போடலாமான்னு கேட்டார். நான்தான் தடுத்தேன். நம்மகிட்டயே 40 சதவீதம் கூட விளையுற விதை 10 கிலோ இருக்கும்போது எதுக்கு மாமா காசு? அவர் சொன்னது இன்னும் காதுல இருக்கு: "நீ படிச்சவன் மாப்ள, சொன்னா சரியாத்தான் இருக்கும்."

2023 புரட்டாசியில் ஒரு ஏக்கர் முழுக்க ராஜா விதை. முப்பது நாளில் இலையில் அங்கங்கே மஞ்சள் புள்ளி. நாற்பதாவது நாள் பாதி வயல் மஞ்சக் கலர் அடிச்ச மாதிரி. மஞ்சள் தேமல் நோய். வெள்ளை ஈ பரப்புற வைரஸ். வந்துட்டா மருந்து அடிச்சு செடியைக் குணப்படுத்த வழி கிடையாது. ஈயைக் கட்டுப்படுத்தலாம், அவ்வளவுதான். நல்ல வருஷத்தில் 300 கிலோ எடுக்கிற நிலத்தில் 110 கிலோ கிடைச்சது. அரசு ஆதரவு விலை அந்த வருஷம் குவிண்டாலுக்கு 6,950 ரூபாய். கணக்குப் போட்டுக்கோங்க. ரெண்டு வரப்பு தள்ளி ஒருத்தர் வம்பன் 8 போட்டிருந்தார். அவர் வயல் பச்சையா நின்னது.

மாமா ஒரு வார்த்தை திட்டலை. திட்டியிருக்கலாம்.

எங்க தப்புன்னு புரியாம, பள்ளிக்கூடத்தில் கூடப் படிச்ச ஒரு நண்பனுக்கு ஃபோன் போட்டேன். பயிர் இனப்பெருக்கத்தில் எம்.எஸ்சி. முடிச்சவன். என் எக்செல் ஷீட்டை அனுப்பினேன். அவன் ரெண்டே கேள்வி கேட்டான். "டேய், ராஜாவை எந்தப் பக்கம் போட்டே?" வாய்க்கால் ஓரம். தண்ணி கொஞ்சம் தேங்குற தாழ்வான பக்கம். நல்ல விதையாச்சே, நல்ல இடத்தில் போடுவோம்னு என்னை அறியாமலே போட்டிருக்கேன். சாதா விதை மேட்டுப் பக்கம். "சரி, முதல் வருஷம் 50 காய்ச் செடி எல்லாம் எங்கே நின்னுச்சு?" யோசிச்சுப் பார்த்தா, அதுவும் பெரும்பாலும் அந்தத் தாழ்வுப் பக்கம்தான். இல்லைன்னா பக்கத்துச் செடி முளைக்காமப் போய், தனியா இடம் கிடைச்ச செடிகள்.

அதாவது நான் செடியைத் தேர்ந்தெடுக்கலை. இடத்தைத் தேர்ந்தெடுத்திருக்கேன். இடத்தை விதையில் அடைச்சுக் கொண்டுபோக முடியாது.

இதைக் கண்டுபிடிச்சு நூறு வருஷத்துக்கு மேல ஆச்சுங்கிறதுதான் எனக்கு அடுத்த அடி. டென்மார்க்கில் வில்ஹெல்ம் யோஹான்சென்னு ஒரு தாவரவியலாளர். 'பிரின்சஸ்' என்கிற பீன்ஸ் ரகத்தை எடுத்துக்கிட்டு, ஒவ்வொரு தாய் விதையின் வாரிசுகளையும் தனித்தனியா வளர்த்தார். 19 வழிகள். வழிக்கு வழி விதையின் எடை வேறுபட்டது, அந்த வேறுபாடு அடுத்த தலைமுறையிலும் தொடர்ந்தது. ஆனா ஒரே வழிக்குள்ள இருக்கிற பெரிய விதையையும் சின்ன விதையையும் தனித்தனியா விதைச்சா? பிள்ளைகளின் சராசரி எடை ரெண்டிலும் ஒண்ணுதான். 1903-ல் வெளியிட்டார். கண்ணுக்குத் தெரியுற உருவம் வேற, உள்ளே இருக்கிற மரபு வேற என்கிற பிரிவினை அங்கேதான் தெளிவாச்சு. 'ஜீன்' என்கிற சொல்லையே 1909-ல் அறிமுகப்படுத்தினவர் இவர்தான்.

ஏன் அப்படி? உளுந்து, சோயா, பீன்ஸ் எல்லாம் பூ விரியுறதுக்கு முன்னாடியே உள்ளே சொந்த மகரந்தத்தில் கருவுற்றுவிடும். அப்படித் தலைமுறை தலைமுறையா தனக்குள்ளேயே சேர்ந்தா, ஒரு ரகத்தின் செடிகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே நகல். நம்ம பாஷையில் சொன்னா, மாமா வயலில் இருந்தது ஒரே ரெப்போவின் பல்லாயிரம் குளோன்கள். ஒரு சர்வரில் ராம் கூட இருந்ததால் வேகமா ஓடுச்சு. நான் அந்தச் சர்வரில் இருந்த கோடை காப்பி பண்ணி வேற எல்லா மெஷினிலும் போட்டுட்டு, வேகம் ஏன் வரலைன்னு கேட்கிறேன்.

இனப்பெருக்கம் செய்றவங்ககிட்ட இதுக்கு ஒரு சின்னச் சமன்பாடு உண்டு. அடுத்த தலைமுறையில் கிடைக்கிற முன்னேற்றம் = நீங்க தேர்ந்தெடுத்தது சராசரியைவிட எவ்வளவு மேலே இருந்தது × அந்த வேறுபாட்டில் மரபின் பங்கு எவ்வளவு. என் வயலில் சராசரி 25 காய், நான் பொறுக்கினது 50. வித்தியாசம் 25. மரபின் பங்கு ஐந்தில் ஒன்றாக இருந்திருந்தாகூட 5 காய் முன்னேற்றம் வந்திருக்கும். ஒரே ரகத்துக்குள்ள அந்தப் பங்கு பூஜ்யம். 25-ஐ பூஜ்யத்தால் பெருக்கினா என்ன வரும்னு சொல்ல இஞ்சினியரிங் டிகிரி தேவையில்லை.

ஒரு சின்ன விஷயம் இங்கே சொல்லிடணும். மாமா வெச்சிருந்தது பல வகை கலந்த பழைய நாட்டு உளுந்தா இருந்திருந்தா, என் முறை ஓரளவு வேலை செஞ்சிருக்கும். கலவைக்குள்ள உண்மையான மரபு வேறுபாடு இருக்கும், பொறுக்கலாம். பழைய ரகங்கள் பல அப்படி வந்தவைதான். உளுந்தில் ரொம்பப் பேர் அறிஞ்ச டி 9, உத்தரப் பிரதேசத்து பரேலி உள்ளூர் உளுந்தில் இருந்து தேர்ந்தெடுத்தது. ஆனா மாமாவின் விதை என்னைக்கோ ஒரு கடை மூட்டையில் ஆரம்பிச்சது. உள்ளே பொறுக்க ஒண்ணுமில்லை.

அப்போ அதிகம் விளையுற வழியை எப்படித்தான் உருவாக்குறது? முதலில் வேறுபாட்டை நாமே உண்டாக்கணும். அதுக்குத்தான் ஒட்டுச் சேர்க்கை. இதைக் கேட்கும்போது எனக்குக் கை நடுங்குச்சு. உளுந்துப் பூ மொட்டு சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. நாளைக்கு விரியப் போற மொட்டைச் சாயங்காலமே பிரிச்சு, உள்ளே இருக்கிற பத்து மகரந்தத் தாள்களையும் கூர்மையான இடுக்கியால் ஒண்ணொண்ணா எடுக்கணும். சூல்முடியைத் தொட்டுக் காயப்படுத்தக் கூடாது. மறுநாள் காலையில் வேற ரகத்துப் பூவின் மகரந்தத்தைக் கொண்டுவந்து தடவணும். சோயாப் பூவும் இதே கதிதான். இவ்வளவும் பண்ணி, நிறைய மொட்டு அப்படியே உதிர்ந்துடும். மிஞ்சினதில் ஒரு காய் பிடிச்சா அதில் நாலைஞ்சு விதை.

அந்த விதையில் முளைக்கிற முதல் தலைமுறை எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். அது தனக்குள்ளேயே சேர்ந்து தர்ற ரெண்டாவது தலைமுறையில்தான் திருவிழா. குட்டை, நெட்டை, சீக்கிரம் பூக்கிறது, தாமதமா பூக்கிறது, நோய் தாங்குறது, தாங்காதது, எல்லாம் கலந்து வரும். பிரச்சினை என்னன்னா, இந்தச் செடிகள் இன்னும் நிலையாகலை. ரெண்டு பெற்றோரும் வேறுபடுற ஜீன்களில் பாதி இன்னும் கலப்பாவே இருக்கும். ஒவ்வொரு தலைமுறையிலும் அது பாதியாகும்: 50 சதவீதம், 25, 12.5, 6.25, 3.125. ஆறாவது தலைமுறை வாக்கில்தான் ஒரு வழி தன் அப்பன் மாதிரியே பிள்ளை பெறும். அதுக்கு முன்னாடி "இது நல்ல விளைச்சல்"னு நீங்க எடுத்து வைக்கிறது, அடுத்த பட்டத்தில் வேற ஆளா வந்து நிக்கும்.

இங்கே ஒரு அழகான உத்தி இருக்கு. எதை எப்போ தேர்ந்தெடுக்கணும்கிறது. சில குணங்கள் ஒத்தைச் செடியைப் பார்த்தாலே தெரியும், மண் அவ்வளவா மாத்தாது. பூ நிறம், விதை நிறம், செடியின் அமைப்பு, வைரஸ் வருதா இல்லையா. இதை எல்லாம் ஆரம்பத்திலேயே வடிகட்டலாம். விளைச்சல் அப்படி இல்லை. அது ஒரு ஜீன் விஷயமே இல்லை, ஏகப்பட்ட ஜீன்கள் ஆளுக்குக் கொஞ்சம் பங்கு போடுறது. அதுக்கு மேல மண், தண்ணி, இடைவெளி எல்லாம் ஏறி உட்காரும். ஒத்தைச் செடியின் விளைச்சலை நம்பி முடிவெடுத்தா என் ராஜா கதைதான். அதனால விளைச்சலைக் கடைசியில், வழி நிலையான பிறகு, செடியா இல்லாம பாத்தியா அளக்கிறாங்க. நடுவில் சிலர் எதையுமே தேர்ந்தெடுக்க மாட்டாங்க. ஒவ்வொரு செடியில் இருந்தும் ஒரே ஒரு விதையை எடுத்து அடுத்த தலைமுறைக்கு வேகமா ஓட்டிக்கிட்டே போவாங்க. கேட்கிறதுக்குச் சோம்பேறித்தனம் மாதிரி இருக்கும், ஆனா நாய்ஸைப் பார்த்து முடிவெடுக்கிறதைவிட முடிவெடுக்காம இருக்கிறது மேல்.

வைரஸ் வடிகட்டுறதை எப்படிப் பண்றாங்கன்னு கேட்டதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. வம்பன்னு சொன்னேனே, அது காரைக்குடியில் இருந்து திருமயம், புதுக்கோட்டை தாண்டி ஆலங்குடிப் பக்கம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தேசிய பயறு வகை ஆராய்ச்சி மையம் அங்கேதான் இருக்கு. அந்த வட்டாரம் மஞ்சள் தேமலுக்குப் பேர் போன இடம். நோய் இல்லாத இடத்தில் ஆராய்ச்சி வைக்காம, நோய் தாண்டவம் ஆடுற இடத்தில் வெச்சுச் சோதிக்கிறாங்க. அது போதாதுன்னு, சோதிக்க வேண்டிய வரிசைகளுக்கு நடுநடுவே சீக்கிரம் நோய் பிடிக்கிற ரகத்தை ஒரு வரிசை வேணும்னே விதைப்பாங்க. வெள்ளை ஈ அங்கே வந்து வைரஸை வாங்கி எல்லாப் பக்கமும் கொடுக்கணும் என்பதற்காகவே. தப்பிச்ச செடி அதிர்ஷ்டத்தில் தப்பிச்சுதுன்னு யாரும் சொல்ல முடியாது. ப்ரொடக்‌ஷன் சர்வரை நாமே வேணும்னு கவிழ்த்துப் பார்த்துச் சோதிக்கிறோம் இல்லையா, அதே புத்தி.

நோய் தாங்குற குணம் எங்கே கிடைக்குதோ அங்கே போய் எடுத்துக்கிறாங்க. 2011-ல் வந்த வம்பன் 6 ரகத்தின் பெற்றோரில் ஒண்ணு வம்பன் 1, இன்னொண்ணு உளுந்தின் காட்டு மூதாதை. பக்கத்து வயலில் பச்சையா நின்ன வம்பன் 8, 2016-ல் வந்தது. 65, 70 நாளில் முடியும். ஹெக்டேருக்குச் சுமார் 900 கிலோ கணக்கு. அதில் இன்னொரு விஷயம், காய் எல்லாம் ஏறக்குறைய ஒரே சமயத்தில் முத்தும். நகரத்தில் இருக்கிற நமக்கு இது பெரிசாத் தெரியாது. வயலில் காய் பறிக்கிற அம்மாக்களுக்கு ஒரு தடவை குனியுறதும் மூணு தடவை குனியுறதும் ஒண்ணில்லை. ரெண்டாவது பறிப்புக்கு ஆள் கிடைக்காம வயலிலேயே வெடிச்சுக் கொட்டுற உளுந்து, எந்தப் புள்ளிவிவரத்திலும் விளைச்சல் ஆகாது.

சரி, நிலையான வழிகள் கைக்கு வந்தாச்சு. ஒரு பேச்சுக்கு 500 வழின்னு வெச்சுக்குவோம். ஒவ்வொண்ணையும் ஒரு பாத்தி போட்டு, அதிகம் விளைஞ்சதை எடுத்தா போதுமா? போதாது. 500-ல் முதல் இடம் பிடிச்சது நல்லதாவும் இருக்கும், அதிர்ஷ்டசாலியாவும் இருக்கும். எவ்வளவு அதிகப் பேரில் முதல் ஆளைத் தேடுறோமோ, அவ்வளவுக்கு அதிர்ஷ்டத்தின் பங்கு கூடும். அடுத்த வருஷம் அது கீழே இறங்கும். ஐ.பி.எல்லில் முதல் நாலு மேட்ச் அடிச்சவரை நம்பி ஃபேன்டசி டீம் போட்டவங்களுக்கு இந்த வலி தெரியும்.

அதனால படிப்படியா. முதலில் விதை கொஞ்சமா இருக்கும், பல பாத்தி போட முடியாது. அப்போ புது வழிகளை ஒரு தடவையும், ஏற்கெனவே நல்லாத் தெரிஞ்ச பழைய ரகத்தைத் திரும்பத் திரும்ப நடுநடுவேயும் விதைப்பாங்க. பழைய ரகம் வாய்க்கால் பக்கம் எவ்வளவு, மேட்டில் எவ்வளவு விளைஞ்சதுன்னு பார்த்தா, நிலத்தின் ஏற்ற இறக்கம் தெரிஞ்சுடும், அதைக் கழிச்சுட்டுப் புதுசை மதிப்பிடலாம். அடுத்த கட்டத்தில் வழிகள் குறையும், விதை கூடும், ஒவ்வொரு வழியையும் மூணு, நாலு பாத்தியில் போடலாம். எந்தப் பாத்திக்கு எதுன்னு சீட்டுக் குலுக்கித்தான் போடணும். மனுஷன் தேர்ந்தெடுத்தா என்னை மாதிரி நல்ல விதையை நல்ல இடத்தில் போட்டுடுவான். இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் பண்ணையில் 1919-ல் வேலைக்குச் சேர்ந்த ரொனால்ட் ஃபிஷர் வகுத்த ஒழுங்கு இது. நம்ம ஏ/பி டெஸ்டிங் எல்லாம் இந்த வயலில் இருந்து வந்த பேரன் பேத்திதான். ஒரே சிக்கல், பாத்தியை நாலு மடங்கு ஆக்கினாதான் பிழை பாதியாகும். அதனால ஆராய்ச்சி நிலையத்தில் இடமும் ஆளும் எப்பவும் பத்தாது.

அப்புறம்தான் ஊர் மாத்திச் சோதிக்கிறது. வம்பனில் ஜெயிச்ச வழி கோயம்புத்தூர் மண்ணில் ஜெயிக்கணும்னு இல்லை. அதனால பல்கலைக்கழகத்தின் பல நிலையங்களில் போடுவாங்க. நம்ம கானாடுகாத்தான் பக்கம் செட்டிநாட்டிலேயே அதன் மானாவாரி ஆராய்ச்சி நிலையம் ஒண்ணு இருக்கு, எத்தனை பேருக்குத் தெரியும்? அதைத் தாண்டினா விவசாயிகளின் சொந்த வயலிலேயே சோதனை. உரமும் தண்ணியும் நேரத்துக்குக் கிடைக்கிற நிலையத்துப் பாத்தி வேற, கண்மாயை நம்பி நிக்கிற கல்லல் வயல் வேற. ஒரு வழி நிலையத்தில் 30 சதவீதம் ஜாஸ்தி, மானாவாரியில் சைபர்னா, அது நமக்கான வழி இல்லை. இத்தனையும் முடிஞ்சு, ஒட்டுச் சேர்த்த நாளில் இருந்து விதை மூட்டை கடைக்கு வர பத்து வருஷம்கூட ஆகும்.

இப்போ அந்த சோயாக் கேள்விக்கு வர்றேன். அமெரிக்க விதையைக் கொண்டுவந்து காரைக்குடியில் போட்டா என்ன ஆகும்? சோயா இரவின் நீளத்தை அளக்கிற செடி. இரவு நீண்டா "சரி, சீசன் முடியப்போகுது"னு பூக்க ஆரம்பிச்சுடும். இல்லினாய் பக்கம் கோடையில் பகல் 15 மணி நேரம் வரை போகும். அங்கே பழகின வழி, பகல் சுருங்கச் சுருங்க நிதானமா வளர்ந்து, நிறையக் கணு விட்ட பிறகு பூக்கும். காரைக்குடி பூமத்திய ரேகையில் இருந்து 10 டிகிரிதான். இங்கே வருஷத்தின் மிக நீண்ட பகலே பன்னிரண்டே முக்கால் மணி நேரத்துக்குள்ள. அந்தச் செடி முளைச்சவுடனே இரவு நீளமா இருக்கேன்னு பயந்து, முழங்கால் உயரம்கூட வராம பூத்து, நாலு காய் காய்ச்சு முடிஞ்சுடும். அங்கே 3 டன் தந்த அதே மரபுதான் இங்கே குட்டையா நிக்கும்.

பிரேசிலுக்கு இதே தலைவலி இருந்தது. நாட்டின் நடுவில் இருக்கிற செராடோ புல்வெளி வெப்பமண்டலம், அமெரிக்க ரகங்கள் அங்கே உயரவே இல்லை. இரவு நீளமா இருந்தாலும் பூக்கிறதைத் தள்ளிப்போடுற ஒரு குணம் சில சோயா வகைகளில் இருந்தது. இளம்பருவத்தை நீட்டிக்கிற குணம். அதைத் தங்கள் ரகங்களுக்குள்ள கொண்டுவந்தாங்க. 1975-ல் லோன்ட்ரினாவில் சோயாவுக்குன்னே தேசிய ஆராய்ச்சி மையம் தொடங்கினாங்க. இன்னைக்கு உலகத்திலேயே அதிகம் சோயா விளைவிக்கிறது பிரேசில், அமெரிக்காவைத் தாண்டி. அந்தக் குணத்துக்குப் பின்னாடி இருக்கிற ஜீன் எதுன்னு 2017-லதான் அடையாளம் கண்டாங்க. ஜீன் தெரியாமலேயே பல பத்து வருஷம் வயலில் பார்த்துப் பார்த்துப் பொறுக்கியிருக்காங்க.

இந்தியாவிலும் 1960-களின் பிற்பகுதியில் அமெரிக்க ரகங்களோடதான் ஆரம்பம். பிறகு நமக்கான வழிகளை நாமே உருவாக்கினோம். ஜபல்பூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜே.எஸ். 335, 1994-ல் வந்தது. மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரா வயல்களை ரொம்ப வருஷம் ஆண்டது. எந்த ஊரில் போட்டாலும் கையை விடாதுன்னு விவசாயிகள் நம்பினாங்க. அதிகபட்ச விளைச்சலைவிட அந்த நம்பிக்கைதான் அதைப் பரப்புச்சு. ஆனா ஒரே வழி இவ்வளவு பரப்பில் இருக்கிறது ஒற்றை சர்வரில் மொத்த பேங்கையும் ஓட்டுற மாதிரி, ஒரு நோய் வந்தா எல்லாருக்கும் வரும். கோயம்புத்தூரில் நம்ம பல்கலைக்கழகமும் கோ 1, கோ 2, கோ 3 என்று சோயா ரகங்கள் கொடுத்திருக்கு. நம்ம 1 டன்னுக்கும் அமெரிக்காவின் 3 டன்னுக்கும் நடுவில் விதை மட்டும் இல்லை. நம்ம சோயா பெரும்பாலும் மானாவாரி, நூறு நாளுக்குள்ள பருவமழையோட முடிக்கணும். அங்கே அதைவிட நீண்ட பருவமும் நீண்ட பகலும். மூணு மணி நேரப் பரீட்சை எழுதினவனையும் ரெண்டு மணி நேரம் எழுதினவனையும் ஒரே கட்-ஆஃப்ல வைக்கிற மாதிரிதான் அந்த ஒப்பீடு.

என் கதைக்கு ஒரு பின்குறிப்பு இருக்கு. 2024 ஆடிப் பட்டத்தில், நண்பன் சொன்னபடி, ராஜா விதையும் சாதா விதையும் எடுத்து எட்டு ஜோடிப் பாத்தி போட்டேன். ஒவ்வொரு ஜோடியிலும் எது எந்தப் பக்கம்னு காசு சுண்டி முடிவு பண்ணினேன். மாமா வரப்பில் உட்கார்ந்து, இவன் என்னடா வயலில் பூவா தலையா விளையாடுறான்னு பார்த்துக்கிட்டு இருந்தார். எட்டில் அஞ்சு ஜோடியில் சாதா ஜெயிச்சது. மொத்த எடையில் ரெண்டுக்கும் சொல்லிக்கிற மாதிரி வித்தியாசமே இல்லை.

அந்தப் புரட்டாசிக்கு நானும் மாமாவும் பைக்கில் போய்ச் சான்று பெற்ற விதை வாங்கினோம். மூட்டையில் நீல அட்டை இருக்கான்னு பார்க்கணும், அதுதான் சான்று விதைக்கு அடையாளம். வெள்ளை அட்டைன்னா அது ஆதார விதை, விதை உற்பத்திக்குப் போறது. கடைக்காரர் எடை போட்டுக்கிட்டு இருக்கும்போது, எனக்கு அடுத்த சோதனைக்கு ஒரு மூலை கிடைக்குமான்னு மாமாகிட்ட மெதுவாக் கேட்டேன். வம்பன் 8-ஐயும் 2020-ல் வந்த வம்பன் 11-ஐயும் நம்ம மண்ணில் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்கணும்னு ஆசை.

"எடுத்துக்க மாப்ள. வாய்க்கா ஓரத்தை மட்டும் கேக்காதே."